ரெண்டும் ஒயர்தானே

வலது தோள்தான் வெல்டரை எழுப்பிவிட்டது. புரண்டு படுக்கலாம் என்று பார்த்தால், கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் யாரோ காய்ச்சிய கம்பியைச் சொருகியது போல் சுள்ளென்று இழுத்தது. எழுந்து சட்டையை எடுத்தார். கை மேலே போக மறுத்தது. இடது கையால் வலது கையைப் பிடித்து, அது ஏதோ அடுத்தவன் கை என்பது போல, சட்டைக்குள் நுழைத்தார்.

அவர் மனைவி விடியும் முன்பே தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் தையற்காரி என்றால்தான் அவளைத் தெரியும். யாரோ ஒருவர் வீட்டுத் திரைச்சீலைக்கு விளிம்பு அடித்துக்கொண்டே, மிதியிலிருந்து காலை எடுக்காமல் பார்த்தாள்.

“ஒரு குரல் குடுத்தா மாட்டிவிட மாட்டேனா?”

“சட்டை மாட்டிவிடுற வயசா எனக்கு?”

“உங்களுக்கு வரல. தோளுக்கு வந்துடுச்சு,” என்றவள், எழுந்து வந்து பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

தோளுக்கு அந்த வயது வந்தது போன மாதம். பல வருஷமாக இருந்த பட்டறையை இடத்துக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். பழைய வெல்டிங் செட் என்பது எண்ணெய் நிரப்பிய இரும்புப் பெட்டி. நாலு ஆள் தூக்க வேண்டியதை இரண்டே பேர் லாரியில் ஏற்றப் பார்த்தார்கள். கூட நின்றவன் கைவிட, மொத்தக் கனமும் வெல்டரின் தோளில் இறங்கியது. இனிமேல் கனம் தூக்கினால் பிறகு கையையே தூக்க முடியாது என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். பட்டறையும் போச்சு, தோளும் போச்சு என்று அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்களில்தான் தங்கச்சி வந்து சேர்ந்தாள்.

வாழப்போன ஊரிலிருந்து ஒரு பெட்டியோடும், தானே ஓட்டும் சரக்கு ஆட்டோவோடும் வந்தாள். ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீட்டில் துடுக்கு என்றுதான் பெயர். அந்தத் துடுக்கு மட்டும் போன இடத்தில் தேயாமல் அப்படியே திரும்பி வந்திருந்தது.

“பட்டறை போனா போகட்டும்ணா. பட்டறையை வண்டியில ஏத்திடுவோம். உடைஞ்சது எங்க கிடக்குதோ அங்க நாம போவோம்,” என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. அங்கே இங்கே விசாரித்து, ஒரு பெண்கள் விடுதியில் வேலையும் பேசி வைத்துவிட்டாள். பின்பக்கம் வெளியே போகும் இரும்புப் படியில், மூன்றாவது மாடிக் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. அதை இன்று ஒட்டிக் காட்ட வேண்டும். வேலை பிடித்திருந்தால் விடுதியின் இரும்பு வேலை மொத்தமும் இவர்களுக்கு. பிடிக்காவிட்டால் வார்டனம்மா வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவாள். அதற்கும் ஒருவரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறாள்.

ஆனால் வேலைக்குப் போக மெஷின் இல்லை. பழைய செட்டை எடைக்குப் போட்டாயிற்று. அதில் வந்தது ஒரே ஒரு மெஷினுக்குத்தான் காணும். தப்பான மெஷினை வாங்கிவிட்டால், இரண்டாவது தடவை வாங்க இந்த வீட்டில் விற்பதற்கு ஒன்றும் பாக்கியில்லை. தையல் மெஷின் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

“என்ன மெஷின்தான் வாங்கப் போறீங்க?” என்று கேட்டாள் தையற்காரி.

“இன்வெர்ட்டர் மெஷின்னு சொல்றா உன் நாத்தனார்.”

“கரண்ட் போனா ஃபேன் ஓடுமே, அதுவா?”

“எனக்கும் அப்படித்தான் தோணுது,” என்றார் வெல்டர் கசப்போடு. வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

கடை, ஊருக்கு வெளியே லாரிகள் நிற்கும் சாலையில் இருந்தது. கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தலைமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி, இரண்டு முன்கையிலும் பழைய தீப்பொறித் தழும்புகள். இவள் விற்க மட்டும் தெரிந்தவள் இல்லை என்று வெல்டருக்குப் பட்டது. அதனாலேயே கொஞ்சம் விறைப்பாக நின்றார்.

நேராக அவர் போய் நின்றது பெட்ரோல் என்ஜின் வைத்த செட்டின் முன்னால். தன் கரண்ட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் மெஷின். போன இடத்தில் பிளக் எங்கே என்று கையேந்த வேண்டாம், கரண்ட் போனாலும் வேலை நிற்காது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர் போல அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இதுதான் மெஷின்,” என்றார்.

“வண்டியிலேருந்து இதை யாரு இறக்குறது?” என்றாள் துடுக்கு.

“நான்தான்.”

“எந்தத் தோள்ல?”

கடைக்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். துடுக்கு விடவில்லை. விடுதியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். என்ஜின் இரைச்சலும் புகையும் உள்ளே வரக் கூடாதென்று வார்டனம்மா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். அதைத் தங்கச்சி ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருந்தாள். வெல்டர் இரண்டு தடவையும் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டார்.

அடுத்தது கம்பிச் சுருள் ஓடும் மெஷின். உருகித் தீரும் ராடை மாற்றி மாற்றி வைக்க வேண்டாம், கை அழுத்தினால் கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கம்பி வரும் துப்பாக்கிக் கைப்பிடியின் குழாய் நீளம் குறைவு. வேலை நகர நகர மெஷினையும் கூடவே நகர்த்த வேண்டும். படிக்கட்டில் அது ஆகாது. தவிர வெல்டரின் கை ராடு பிடித்தே பழகிய கை. புதிதாகப் பழகி முடிக்கும்வரை வார்டனம்மா காத்திருக்க மாட்டாள் என்று கடைக்காரம்மாவே சொல்லிவிட்டாள்.

மூன்றாவதாக இன்வெர்ட்டர் மெஷினைக் காட்டியபோது வெல்டர் முகத்தைச் சுளித்தார்.

“இது மெஷினா, டிபன் பாக்ஸா?”

துடுக்கு அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு வயதுக் குழந்தையின் கனம்தான். கடை வாசல் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

“அழக்கூட மாட்டேங்குதுண்ணா.”

சோதித்துப் பார்க்கலாம் என்றாள் கடைக்காரம்மா. மீட்டர் பலகைக்குப் பக்கத்திலேயே பிளக் இருந்தது. துடுக்கு வேண்டாமென்று தலையாட்டினாள். ஆட்டோவுக்குப் போய்த் தங்கள் நீள ஒயரைத் தூக்கி வந்து, சுருளில் ஒரு சுற்றுக்கூட மிச்சம் வைக்காமல் தெரு வரைக்கும் விரித்தாள். மீட்டருக்குப் பக்கத்தில் எல்லா மெஷினும் நல்லாத்தான் எரியும், மூணாவது மாடிக்குக் கரண்ட் போய்ச் சேரும்போது எரியுதா என்று பார்க்க வேண்டும் என்றாள். இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று வெல்டர் கேட்கவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவளுக்கு நாலு இடத்துப் பேச்சு காதில் விழும்.

கடைக்காரம்மா ஹோல்டர் ஒயரையும் இரும்பைக் கவ்வும் ஒயரையும் மெஷினில் மாட்டி, ராடு பிடிக்கும் ஹோல்டரை அவர் கையில் கொடுத்தாள். வெல்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு, கிடந்த இரும்புப் பட்டையில் ராடை உரசினார். குப்பென்று பிடித்தது. ஒரு ராடு முடிந்து அடுத்தது, அதற்கும் அடுத்தது. அவருக்குத் தன் கை ஞாபகம் வந்தது. ஒரு மாதமாக மறந்திருந்த கை. மெஷினுக்குள் காற்றாடி இரைந்தது. மூச்சு வாங்கியதே தவிர, படுத்துக்கொள்ளவில்லை.

“பரவாயில்லை,” என்றார் முகமூடியைத் தூக்கிவிட்டு.

வெல்டர் வாயில் பரவாயில்லை என்ற சொல் மாலை மரியாதைக்குச் சமம். துடுக்கு உடனே மெஷினைக் கட்டச் சொல்லிவிட்டாள். என்ஜின் செட்டைத் தாண்டிப் போகும்போது வெல்டர் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

விடுதியின் பின்சந்து குறுகல். ஆட்டோ முனையிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து துடுக்கு மெஷினை இடுப்பிலும் ஒயர் சுருளைத் தோளிலும் வைத்துக்கொண்டு இரும்புப் படிகளில் ஏறினாள். வெல்டர் ராடு பாக்கெட்டும் முகமூடியும் கிரைண்டரும் போட்ட பையை இடது கையில் பிடித்துப் பின்னால் ஏறினார். ஜன்னல்களில் புத்தகமும் கையுமாகப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது மாடியில் வார்டனம்மா கைகட்டி நின்றாள். கனமான உடம்பு, அதைவிடக் கனமான பார்வை.

கைப்பிடி மெல்லிய பைப். அடியில் ஒட்டு விட்டுப்போய், தொட்டால் பல் மாதிரி ஆடியது. வெல்டர் துருவைச் சுரண்டினார். ஒயர்களை எடுத்து மெஷினில் மாட்டினார். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. பழைய செட்டில் எத்தனையோ வருஷம் மாட்டிய மாதிரிதான். முகமூடியை இறக்கி, ராடை வைத்தார்.

ஓட்டை விழுந்தது.

அதிர்ந்து கையை எடுத்தார். கரண்ட்டைக் குறைத்துவிட்டு மறுபடி வைத்தார். ராடு பைப்போடு ஒட்டிக்கொண்டது. ஆட்டிப் பிடுங்கினார். கொஞ்சம் கூட்டினார். முதல் ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. அதை அடைக்கப் போக அது இன்னும் பெரிதானது. விரல் நுழையும் அளவுக்கு.

“இருந்ததைவிட மோசமா ஆயிடுச்சே,” என்றாள் வார்டனம்மா.

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். வேறு எதற்காவது சிரித்திருக்கலாம். வெல்டருக்கு அது தன் கையைப் பார்த்துச் சிரித்ததாகவே பட்டது. கழுத்து வரைக்கும் சூடு ஏறியது. இந்தக் கை இதுவரைக்கும் பைப்பில் ஓட்டை போட்டதில்லை. கையில் தப்பில்லை என்றால் தப்பு மெஷினில். மெஷினைத் தேர்ந்தெடுத்தது யார்?

“டிபன் பாக்ஸைத் தலையில கட்டிட்டியே,” என்றார் தங்கச்சியிடம்.

“கடையில நல்லாத்தானேண்ணா எரிஞ்சுது. இன்னொரு தடவை பாருங்க.”

அதோடு விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

“எது நல்லது எது கெட்டதுன்னு உனக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு? வாழப்போன இடத்துலயும் தெரியல. மெஷின் வாங்குற இடத்துலயும் தெரியல.”

 ஜன்னலில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. வார்டனம்மாகூட எங்கேயோ பார்த்தாள்.

 பதில் பேசாத துடுக்கை வெல்டர் பார்த்ததே இல்லை. கையிலிருந்த ஒயரைச் சிக்கல் விழாமல் கீழே வைத்தாள். கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். பிறகு இறங்கிப் போனாள். இரும்புப் படியில் அவள் செருப்புச் சத்தம் அடி வரைக்கும் கேட்டது.

வெல்டர் கைபேசியை எடுத்துக் கடைக்கு அடித்தார். மெஷினைத் திருப்பிக் கொண்டுவரப்போவதாகவும், இப்படி ஒரு பொருளை விற்க மனசு எப்படி வந்தது என்றும் ஒரே மூச்சில் கொட்டினார். கடைக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஹோல்டரை எந்தப் பக்கம் மாட்டியிருக்கீங்க?”

“என்ன பக்கம்? ரெண்டும் ஒயர்தானே?”



“அண்ணே, பழைய செட்டுல ரெண்டும் ஒயர்தான். எதை எங்க மாட்டினாலும் எரியும். இதுல பிளஸ், மைனஸ் இருக்கு. மெல்லிசு பைப்புக்கு, உங்க கையில இருக்கிற ராடுக்கு, ஹோல்டர் மைனஸ்ல இருக்கணும். பிளஸ்ல மாட்டினா சூடு இரும்புக்குள்ள இறங்கிப் பொத்துக்கும். கடையில நான் மாட்டிக் குடுத்தேன்ல, அதான் உங்களுக்குத் தெரியல.”

வெல்டர் குனிந்து பார்த்தார். சாக்கெட்டுக்கு மேலே அச்சடித்தாற்போல் ஒரு பிளஸ். ஹோல்டர் அதில்தான் இருந்தது.

“வெட்கப்படாதீங்க,” என்றாள் கடைக்காரம்மா. “பழைய செட்டுக்காரங்க எல்லாரும் இந்த போனைப் போடுவாங்க. இந்த வாரத்துல நீங்க மூணாவது ஆளு. மத்த ரெண்டு பேரும் உங்களைவிட ஜாஸ்தியா திட்டினாங்க.”

கைபேசியைப் பையில் போட்டார். தோள் வலித்தது, ஆனால் அந்த நேரத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. ஒயர்களைப் பிடுங்கி மாற்றி மாட்டினார். மெல்லிய ராடாக ஒன்றை எடுத்துக்கொண்டார்.

“இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கறேம்மா,” என்றார் வார்டனம்மாவிடம். குரல் பாதியாகக் குறைந்திருந்தது. “அதுக்கப்புறம் நீங்க யாரை வேணாலும் கூப்பிட்டுக்கோங்க.”

அவள் ஒரு படி தள்ளி நின்றாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

இந்தத் தடவை நெருப்பு அவர் சொன்ன பேச்சைக் கேட்டது. ஓட்டையின் ஓரத்தில் ஒரு சொட்டு, அது ஆறும்வரை பொறுத்து இன்னொரு சொட்டு. கிழிந்த துணியை ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு வருவது போல, சுற்றிச் சுற்றி உள்ளே வந்தார். பெரிய ஓட்டை சின்னதாகி, சின்னது புள்ளியாகி, புள்ளியும் மூடியது. பிறகு அடிப்பக்கம். கீழே உட்கார்ந்து, வலது முழங்கையை முட்டியில் தாங்கி, தோளைத் தூக்காமலே செய்து முடித்தார். கசடைத் தட்டியதும் மீன் செதில் மாதிரி வரிவரியாகத் தையல் தெரிந்தது. கிரைண்டரை ஓட்டியதும் அந்த வரியும் மறைந்து, பைப் வழவழப்பானது.

வார்டனம்மா வந்து இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். ஆடவில்லை. அப்புறம் தன் முழுக் கனத்தையும் அதில் சாய்த்தாள். வெல்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பைப் முணுமுணுக்கக்கூட இல்லை.

“என்னையே தாங்குதுன்னா பிள்ளைங்களை விட்டுடாது,” என்றாள். முதல் தடவையாகக் கட்டிய கையை அவிழ்த்திருந்தாள். “திங்கக்கிழமையிலேருந்து வாங்க. கட்டிலெல்லாம் ஆட்டம் கண்டிருக்கு. ஜன்னல் கம்பி, தண்ணித் தொட்டி ஸ்டாண்டு, எல்லாம் கிடக்கு. வண்டியோட வாங்க. மாடிக்கு மாடி சாமான் ஏத்தணும்.”

படியிறங்கும்போது மெஷினை இடது கையில் வெல்டரே தூக்கி வந்தார். தூக்க முடிந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு, தன் தொழிலைத் தானே தூக்கிக்கொண்டு ஒரு மனுஷன் தெருவில் நடக்கிறான். இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும் போலிருந்தது அவருக்கு.

ஆட்டோவில் துடுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேலை நம்மளுக்குத்தான்.”

“சந்தோஷம்ணா.”

“ஒயரை நான்தான் தப்பா மாட்டிட்டேன்.”

“ம்.”

வண்டியைக் கிளப்பினாள். வழி முழுக்க மெஷின் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது.

வீட்டில் தையற்காரிக்குத் தலைகால் புரியவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மெஷினை அப்படியும் இப்படியும் அளந்தாள். கெட்டிக் கான்வாசில் ஒரு பை தைத்து, இடது தோளில் மாட்டிக்கொள்ள அகலப் பட்டை வைக்கப்போகிறாளாம். காற்றாடி மூச்சு விட ஒரு பக்கம் வலை வைக்கணும் இல்லையா என்று கேட்டாள். இதற்குள் அதுவும் தெரிந்துகொண்டாயா என்று வெல்டர் சிரித்தார். ஆனால் கண் வாசல் பக்கமே போய்ப் போய் வந்தது.

“அவ ஏன் வண்டியைக் கழுவுறதை நிறுத்தவே மாட்டேங்குறா? மூணாவது தடவை கழுவுறா,” என்றாள் தையற்காரி.

விடுதிப் படிக்கட்டில் நடந்ததை வெல்டர் சொன்னார். ஒளிக்காமல், சொன்னது சொன்னபடி. அளவு நாடா பாதியில் நின்றது.

“எத்தனை பேர் இருந்தாங்க?”

“வார்டனம்மா. ஜன்னல்ல பிள்ளைங்க.”

“ஊர் உலகம் கேக்காத கேள்வியை, கூடப்பிறந்தவர் நீங்க கேட்டிருக்கீங்க,” என்றாள். கோபமாகக்கூட சொல்லவில்லை. நாடாவைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஈரக் கையோடு துடுக்கு உள்ளே வந்தாள். அண்ணியைப் பார்த்துத்தான் பேசினாள். நாளைக்கு ஒரு லோடு வந்திருக்கிறது, விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும் என்றாள். எந்த ஊருக்கு என்று கேட்டாள் தையற்காரி. துடுக்கு ஊரைச் சொன்னாள். அவள் வாழப்போன ஊர். அவள் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

“வேற யாரும் போக மாட்டாங்களா?”

“வண்டின்னு இருந்தா ஓடணும்ல அண்ணி.”

“திங்கக்கிழமை விடுதியில வேலை. வந்துடுவியா?”

“வரணும்னு தோணுச்சுன்னா வருவேன்.”

வெல்டர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பைப்பின் ஓட்டையை அடைக்கத் தெரிந்தவருக்கு அதற்கு மேல் அதை வெளியே கொண்டுவரத் தெரியவில்லை.

“டயர்ல காத்து பாத்தியா?” என்றார்.

“பாத்துட்டேன்.”

கை துடைக்கத் துண்டை எடுத்துக்கொண்டு அவள் உள்ளறைக்குப் போனாள். தையற்காரி கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

கடையில் மெஷினுக்கு உண்டானதைக் கொடுத்தாயிற்று. வார்டனம்மாவுக்கு உண்டான வேலையை முடித்தாயிற்று. தங்கச்சிக்கு மட்டும் ஒரு மன்னிப்பு பாக்கி.